வடசென்னைக் கடலோரத்தில் வற்றம் பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

கடற்கரைக்குப் போக யாருக்கும் வழி சொல்லத் தேவையில்லை. ஆனால் கடல் இறங்கி, அதாவது வற்றம் வந்து, கல்லும் சேறும் அவற்றில் ஒட்டி வாழும் உயிர்களும் வெளியே தெரியும் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் நாள், நேரம், இடம் மூன்றும் பொருந்தி வர வேண்டும். இதற்காக நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் மும்பைக்கும் குஜராத்துக்கும் எழுதியவை. அந்தக் கணக்கை எண்ணூருக்குக் கொண்டுவந்தால் அலையை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அலைந்து, கேட்டு, பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக வைக்கிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்குமான கரைக்கு எழுதியது இது.

1. எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 8 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மும்பையில் ஓதம், அதாவது இந்த ஏற்றவற்றம், பெரிதாக இருக்கும் நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும். சென்னையில் நல்ல நாளிலேயே ஏறக்குறைய 1 மீட்டர்தான். சுமாரான நாளில் அதில் பாதிகூட இருக்காது.

ஒரு மீட்டர் என்றதும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். கரையின் சரிவைப் பொறுத்தது அது. பத்துக்கு ஒன்று என்று சரியும் மணற்கரையில் ஒரு மீட்டர் இறங்கினால் 10 மீட்டர் அகலத்துக்கு ஈர மணல் கிடைக்கும். நூறுக்கு ஒன்று என்று படுத்துக் கிடக்கும் கழிமுகச் சேற்றில் அதே ஒரு மீட்டர் 100 மீட்டர் சேற்றைத் திறந்துவிடும். செங்குத்தான கல் தடுப்பிலோ உயிர்களின் அடுக்குகள் ஒரு சாண், இரண்டு சாண் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கியிருக்கும். எனவே இங்கே நீங்கள் நெடுந்தூரம் நடக்கப் போவதில்லை. குனிந்து பார்க்கப் போகிறீர்கள்.

2. நாள் குறிப்பது: வீட்டுக் காலண்டரே போதும்

எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஓதம் பெரிதாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதை நம்பிப் பௌர்ணமியன்று காலை ஆறு மணிக்குப் போய் நிற்பார்கள். பார்த்தால் தண்ணீர் கல்லை மூடிக்கொண்டிருக்கும். காரணம் எளிது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்தின் உச்சம் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கிலும் இரவு அதே நேரத்திலும் வரும். வற்றம் மதியம் இரண்டு, மூன்று மணிக்கும் அதே போல நள்ளிரவு தாண்டியும் வரும். ஆகவே காலை ஆறு மணிக்குக் கடல் ஏறிக்கொண்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் போகலாமே என்றால், எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்துக் கருங்கல்லில் அந்த வெயிலில் கைவைத்துப் பாருங்கள், புரியும். நண்டுகூட வெளியே வராது.

இனி கணக்கு. ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். பெரிய ஓத நாட்களில் இந்தத் தள்ளல் கொஞ்சம் குறைவு, அஷ்டமியை ஒட்டி அதிகம். அமாவாசையன்று மதியம் இரண்டரைக்கு இருந்த வற்றம், திருதியை, சதுர்த்தி வாக்கில் மாலை நாலரை, ஐந்து, ஐந்தரைக்கு வந்து நிற்கும். இன்னொரு சாதகமும் உண்டு. ஓதத்தின் உச்சம் அமாவாசை, பௌர்ணமி அன்றே வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வருகிறது. அதனால் திருதியையிலும் இறக்கம் பெரிதாகக் குறைந்திருக்காது.

சுருக்கமாக: அமாவாசையோ பௌர்ணமியோ முடிந்து மூன்றாம், நான்காம் நாள் மாலை. வெயில் தாழ்ந்திருக்கும், வெளிச்சம் இருக்கும், கடல் இறங்கியிருக்கும். காலையில்தான் முடியும் என்கிறவர்கள் சதுர்த்தி, பஞ்சமியைப் பாருங்கள். வற்றம் விடிவதற்குச் சற்று முன்போ விடியும்போதோ வரும். இருட்டிலேயே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும்.

அஷ்டமி, நவமியை விட்டுவிடுங்கள். ஊரில் நல்ல காரியத்துக்கு ஆகாது என்பார்கள். இந்தக் காரியத்துக்கும் ஆகாது. சூரியனும் சந்திரனும் செங்கோணத்தில் நின்று இழுப்பதால் கடல் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம் ஆகிய நாட்களில் கரை முழுக்கக் கூட்டம். சாமி தீர்த்தவாரிக்கு வரும் நாளில் நண்டு தேட முடியாது.

3. நேரத்தை உறுதி செய்வது

திதி தோராயம்தான். கிளம்பும் முன் அட்டவணை பார்த்தாக வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், தன் இணையதளத்தில் ஓதக் கணிப்பை இலவசமாகத் தருகிறது. இந்திய நில அளவைத் துறை வருடாவருடம் ஓத அட்டவணையைப் புத்தகமாகப் போடுகிறது. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது, கப்பல்காரர்களுக்கானது, நமக்குத் தேவையில்லை. கைபேசிச் செயலிகள் நிறைய உண்டு. இலவசமானதே போதும். பட்டியலில் எண்ணூர் தனியாக இல்லையென்றால் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, நேரம் இந்திய நேரமா என்று பாருங்கள். சில வெளிநாட்டுச் செயலிகள் கிரீன்விச் நேரத்தைக் காட்டும். ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்பது வற்றத்துக்குப் பதில் ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இரண்டாவது, உயரம் எதிலிருந்து அளந்தது என்பது. கப்பல் வரைபடங்களின் கணக்கில் பூஜ்யம் என்பது ஏறக்குறைய கடல் இறங்கக்கூடிய அடிமட்டம். அதனால் எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கும். சில செயலிகள் சராசரிக் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைக்கும். அவற்றில் வற்றம் கழித்தல் குறியோடு வரும். இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள். முதல் வகைக் கணக்கில் வற்றம் 0.3 மீட்டருக்குக் கீழே இருந்தால் போகலாம். 0.5 என்று இருந்தால் அடுத்த பக்ஷத்துக்குத் தள்ளிவையுங்கள்.

மூன்றாவது, அது கணிப்பு மட்டுமே. சந்திரனையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்குக்குக் காற்றும் புயலும் தெரியாது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கும்போது அட்டவணையை நம்பி இறங்கவே கூடாது. அட்டவணை பார்த்த கையோடு, அதே இன்காய்ஸ் தளத்தில் உயர் அலை எச்சரிக்கையும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். கள்ளக்கடல் என்பது எங்கோ தொலைவில் கிளம்பிய அலை, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையேறுவது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

4. எந்த மாதம்

தை பிற்பாதியிலிருந்து சித்திரை வரை. வங்கக் கடலின் சராசரி மட்டமே வருடம் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. நம் கரையில் பங்குனி வாக்கில் தாழ்ந்தும், ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். அதே 1 மீட்டர் ஓதம்தான், ஆனால் அடித்தளம் மேலே ஏறிவிடுவதால் மழைக்காலத்தில் கீழ் அடுக்குக் கற்கள் வெளியே தெரியாது. போதாக்குறைக்கு அலையும் கலங்கலும். மழைக்காலத்தில் கரை ஒதுங்குவதைப் பார்க்க மட்டும் போகலாம். அதற்கு வற்றமே தேவையில்லை, புயல் ஓய்ந்த மறுநாள் போதும்.

5. இடம் தேர்வு

வடசென்னையில் இயற்கையான பாறைக் கரை கிடையாது. இங்கே பாறை என்பதெல்லாம் மண்ணரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்தான். உயிர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒட்ட இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

திருவொற்றியூர், எர்ணாவூர் தூண்டில் வளைவுகள். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இடம்தான். கடலுக்குள் நீளும் கல் வரிசையும், இரண்டு வரிசைகளுக்கு நடுவே சேர்ந்த மணலும் ஒரே இடத்தில் கிடைக்கும். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கிழக்கே நடக்கலாம், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. ஆனால் ஒரு விஷயம். சில இடங்களில் ஏற்றத்தின்போது மணலே இருக்காது, தண்ணீர் நேராகக் கல் சுவரில் மோதும். வற்றத்தில் ஒரு வளைவைச் சுற்றி அடுத்த மணலுக்குப் போய்விட்டு, திரும்பும்போது வழி இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. எந்த மணலில் இறங்கினீர்களோ அதிலேயே இருங்கள்.

எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டி வழித்தடத்தில் கத்திவாக்கம் அல்லது எண்ணூரில் இறங்கி, ஆட்டோவில் தாழங்குப்பம், முகத்துவாரக் குப்பம் பக்கம் போக வேண்டும். ஏற்றத்தில் கடல் உள்ளே வருவதும் வற்றத்தில் ஆறு வெளியே ஓடுவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். அந்த வாயில் காலை வைக்காதீர்கள். ஒரு மீட்டர் ஓதம்தானே என்று தோன்றும். ஆனால் அவ்வளவு பெரிய கழிமுகத்தின் தண்ணீர் மொத்தமும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். இழுப்பு பலமானது.

கழிமுகச் சேறு, காட்டுக்குப்பம் பக்கம். அலையாத்தி மரங்களும் பறவைகளும் சேற்று நண்டுகளும் இங்கேதான். கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் மேலே பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். உள்ளே போக வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடக்க வேண்டும். வற்றமும் கடற்கரையில் வரும் நேரத்துக்கு இங்கே வராது, உள்ளே போகப் போகத் தாமதமாகும். முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருக்கும் நாட்களில் ஏற்றவற்றமே மங்கிவிடும். ஆகவே இங்கே அட்டவணையைவிட ஊர்க்காரர் வாய்ச்சொல் மேல். “அண்ணா, இன்னைக்கு வத்தம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

காசிமேடு. வற்றம் பார்க்கும் இடம் இல்லை. ஆனால் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விடியற்காலை ஏலத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, அப்போது போய்ப் பயனில்லை.

சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகியவற்றின் எல்லைக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. வேலி ஓரமாக நின்று படம் எடுப்பதையும் தவிருங்கள்.

6. காகிதங்கள்

தனியாகவோ குடும்பத்தோடோ போனால் எதுவும் தேவையில்லை. ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ ஒன்று கையில் இருக்கட்டும். கடலோரக் காவல்படையினர் கேட்டால் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

மாணவர்களைக் கூட்டிப்போவதென்றால் கதை வேறு. இதற்கென்று ஒரு விண்ணப்பப் படிவமோ கட்டணமோ ஒரே இடத்தில் கிடையாது. நான் போய்க் கேட்ட அலுவலகம் ஒன்றில் இது எங்கள் வேலை இல்லை என்று அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே முதல் இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அனுமதி கேட்பதை விட்டுவிட்டு, தகவல் தெரிவிக்கும் கடிதமாக மாற்றி எழுதிக் கொடுத்ததும் வேலை முடிந்தது. அந்த வாசக மாற்றம் முக்கியம். நிறுவனத் தலைப்புத் தாளில் நாள், நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் கைபேசி எண் எல்லாம் எழுதி, ‘தங்கள் கனிவான கவனத்துக்கு’ என்று முடியுங்கள். மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒன்று, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு ஒன்று, முத்திரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள ஒன்று. ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். இதோடு பெற்றோர் சம்மதக் கடிதம், மாணவர் பெயர்ப் பட்டியல், இரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும்.

ட்ரோன் எடுத்துவர நினைக்கிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு பக்கமும் துறைமுகம், பிரச்சினையாகிவிடும்.

ஆய்வுக்காக உயிர்களைச் சேகரிப்பதென்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றுக்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கியாக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாத வேலை.

7. என்ன எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும்

காலணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஹவாய் செருப்பு பாசியில் வழுக்கும், சேற்றில் அறுந்துவிடும். வெறுங்காலோடு ஆளிச் சிப்பி ஓட்டின் மேல் மிதித்தால் பிளேடு வைத்து இழுத்த மாதிரி வெட்டும். குதிகாலை மூடிய பழைய கேன்வாஸ் ஷூ சரியாக இருக்கும். புதிதாக வாங்கினாலும் 300, 400 ரூபாய்க்குள் முடியும். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச், மாற்றுத்துணி, டெட்டால், பஞ்சு, கைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரைப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். வாளி, வலை, பாட்டில் எதுவும் வேண்டாம்.

போக்குவரத்துச் செலவு சொற்பம். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து எண்ணூருக்குப் புறநகர் ரயிலில் 5, 10 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மெட்ரோவில் எங்கிருந்து வந்தாலும் 50 ரூபாயைத் தாண்டாது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். ஷேர் ஆட்டோ, டீ, பஜ்ஜி எல்லாம் சேர்த்தாலும் ஆளுக்கு 200 ரூபாய் கையில் இருந்தால் தாராளம். தனி ஆட்டோ பேசினால் திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். முகத்துவாரப் பக்கம் இருட்டிய பிறகு வண்டி கிடைப்பது கஷ்டம்.

கரையில் கழிப்பறை கிடையாது. மெட்ரோ நிலையத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கல் தடுப்பின் மேல்பகுதி சில இடங்களில் சுத்தமாக இருக்காது, பார்த்து இறங்க வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

8. குப்பத்தைத் தாண்டும்போது

நீங்கள் போவது சுற்றுலாத் தலத்துக்கு இல்லை, மீனவர்களின் வாசலுக்கும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும். காய்கிற வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். கருவாடு காயவைத்திருக்கும் இடத்தில் மணலைக் கிளப்பிக்கொண்டு நடக்காதீர்கள். பெரியவர்களைக் கண்டால் ஐயா, அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு, எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். எண்ணெய்க் கசிவு, சாம்பல், வாயுக் கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் கேமராவோடு வந்து போனவர்களைப் பார்த்துச் சலித்தவர்கள். கழிமுகத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவே கூடாது. அவர்களுக்கு அந்த வற்றம்தான் வேலை நேரம், நின்று பதில் சொல்லவும் நேரம் இருக்காது.

9. இறங்கியதும் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். கடல் இறங்க இறங்க நீங்களும் கூடவே இறங்கலாம்.

கல்லை மேலிருந்து கீழாகப் பாருங்கள். உச்சியில், அலைத் திவலை மட்டும் படும் இடத்தில், மிளகை விடச் சற்றுப் பெரிய நத்தைகள் விரிசலுக்குள் கூட்டமாக ஒடுங்கியிருக்கும். கிட்டப் போனால் கரப்பான் போல ஒன்று சரசரவென்று ஓடி ஒளியும். பூச்சி என்று நினைப்போம், அது இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்தது. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சின்ன எரிமலைகள் ஒட்டியிருக்கும், அதுதான் கொட்டலசு. காய்ந்த இடத்தில் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கும். கல்லிடுக்கில் தேங்கிய குட்டையில் மூழ்கிக் கிடப்பதை லென்ஸ் வைத்து ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். மேல் மூடி திறந்து, இறகு போன்ற கால்கள் வெளியே விரியும், தண்ணீரை ஒரு தரம் துழாவும், சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடியும் விரியும். அதற்குச் சாப்பாட்டு நேரமே தண்ணீர் இருக்கும் நேரம்தான்.

இன்னும் கீழே ஆளியும், பச்சை ஆழி என்னும் சிப்பியும். பச்சை ஆழி நூல் போன்ற இழைகளால் கல்லைப் பிடித்திருக்கும், பிடுங்கிப் பார்க்காதீர்கள். இந்த அடுக்குகள் எப்படி உண்டாகின்றன என்பதற்குப் பொதுவாக ஒரு விதி சொல்வார்கள். ஓர் உயிர் எவ்வளவு மேலே வாழலாம் என்பதை வெயிலும் உலர்வும் தீர்மானிக்கின்றன, எவ்வளவு கீழே வாழலாம் என்பதை அதைத் தின்பவையும் இடத்துக்குப் போட்டி போடுபவையும் தீர்மானிக்கின்றன. அதற்குச் சாட்சியைக் கையில் எடுத்தே பார்க்கலாம். கல்லடியில் கிடக்கும் காலி ஓடுகளைப் புரட்டுங்கள். சிலவற்றில் ஊசியால் போட்டது போல வட்டமான ஓட்டை இருக்கும். துளைக்கும் நத்தை ஓட்டை போட்டு உள்ளிருந்ததைத் தின்ற தடம் அது.

அடிமட்டத்தில், வற்றத்தின் அரை மணி நேரம் மட்டும் வெளிவரும் இடத்தில், பச்சைப் பாசியும் நல்ல நாளில் கடல் சாமந்தி என்னும் பூப் போன்ற உயிரும் தெரியும். தண்ணீர் இல்லாதபோது கடல் சாமந்தி வெறும் சளிக் கட்டி போலத்தான் இருக்கும். அதை மிதித்துவிடாதீர்கள்.

மணலில் பார்க்க வேண்டியது அலை திரும்பும் கோட்டை. அலை வடியும்போது மணல் மேல் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் சின்னச் சின்னக் கோடுகள் விழும். அதன் நுனியில் முட்டை வடிவத்தில் ஒரு சிறு நண்டு பின்பக்கமாகப் புதைந்து, இறகு போன்ற உணர்கொம்புகளை மட்டும் நீட்டி, வடியும் தண்ணீரிலிருந்து உணவைச் சலித்துக்கொண்டிருக்கும். ஓதம் ஏறினால் இதுவும் கரையேறும், இறங்கினால் கூடவே இறங்கும். சிறு மட்டிகளும் அப்படித்தான். மேலே, உலர்ந்த மணலில் இருக்கும் வளைகள் ஓடி ஒளியும் கடற்கரை நண்டுகளுடையவை. பெரிய வளை கரையின் மேட்டிலும் சிறியவை தண்ணீருக்கு அருகிலும் இருப்பதைக் கவனியுங்கள். இருட்டிய பிறகு டார்ச் அடித்தால் வெளியே நிற்கும்.

கழிமுகச் சேற்றில் ஆண் நண்டு ஒரு பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஏற்றம் வரும் முன் வளைக்குள் போய் வாயைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். கடலே தெரியாத ஆய்வுக்கூடத்தில் வைத்தாலும் இந்த வகை நண்டுகள் ஓத நேரத்துக்கு ஏற்பவே சுறுசுறுப்பாவதைக் கண்டிருக்கிறார்கள். அங்கேயே கொத்துக் கொத்தாகக் கறுத்த சிப்பிகள் சேற்றை மூடிக் கிடந்தால் அது காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தேறிய இனம். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை பரவி, இறாலும் மட்டியும் வாழும் அடித்தரையைப் பாய் விரித்தாற்போல மூடிவிடுவதாக மீனவர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். கண்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலையாத்தியின் மூச்சுவேர்களில் கறுப்புப் படலம் தெரிந்தால் அது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயின் மிச்சமாக இருக்கலாம். தொட வேண்டாம்.

10. தொடாதவை, எடுக்காதவை

கிழக்குக் காற்று அடித்த மறுநாள் நாணயம் அளவில் நீல வட்டுகளும், நீலப் பலூன் போன்றவையும் ஒதுங்கிக் கிடக்கும். பிள்ளைகள் முதலில் கைநீட்டுவது இவற்றைத்தான். பலூன் போன்றது செத்த பிறகும் கொட்டும். சொறி, அதாவது ஜெல்லி மீன், எதுவாக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழைகளைக் குச்சியால் அகற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108.

தை, மாசியில் பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் செத்து ஒதுங்குவதைப் பார்க்க நேரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. தொடாமல் இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், ஓட்டையோ முட்டையையோ எடுப்பது குற்றம். கடல் குதிரை, கடல் அட்டை, பவளம், சில வகைச் சங்குகளும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவரை எதையுமே பையில் போடாமல் வருவது நல்லது. காலிச் சங்குக்குள்ளும் துறவி நண்டு குடியிருக்கும்.

புரட்டிய கல்லை, புரட்டும் முன் இருந்த மாதிரியே திருப்பி வைக்க வேண்டும். அடியில் இருப்பவை நிழலுக்குப் பழகியவை, வெயிலில் சீக்கிரம் செத்துவிடும்.

11. கிளம்ப வேண்டிய நேரம்

வற்றம் முடிந்து முக்கால் மணி நேரத்தில் மேலே ஏறிவிடுங்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கடல் சீராக ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று என்று வேகம் பிடிக்கும். முதல் ஒரு மணி நேரம் எதுவும் மாறவில்லையே என்று தோன்றுவது அதனால்தான்.

தூண்டில் வளைவின் நுனிக்குப் போகாதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஆள் விழும் அளவுக்குச் சந்து இருக்கிறது. ஓரமாகவே தண்ணீர் கடலுக்குள் இழுக்கும், இங்கே உயிர்காப்பாளர் யாரும் இல்லை. குளிக்க இறங்குவதை மறந்துவிடுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனியாதீர்கள், கூட வந்தவர் ஒருவர் அலையைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும்.

மூக்கை எரிக்கும் நெடி வந்தால் ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்குக் குறுக்காக நடந்து அந்த இடத்தை விட்டு விலகுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து ஊரே வெளியேறியது.

ஆளி வெட்டிய காயத்தைச் சின்னது என்று விடாதீர்கள். இந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி மருந்து போட்டு, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அன்றே டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசியில் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டிய எண்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.

12. வீட்டுக்கு வந்ததும்

படங்களை அன்றிரவே ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள், இலவசம்தான். படத்தில் நேரமும் இடமும் தானாகப் பதிந்திருக்கும், பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். ஒரே உயிரை மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அளவு தெரிய விரலை அருகே வைத்து ஒன்று என்று மூன்று படமாவது எடுத்திருந்தால் அடையாளம் சொல்வது எளிது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை ஏற்றாதீர்கள், நேரமும் இடமும் அதில் போய்விடும். அட்டவணையில் போட்டிருந்த வற்ற நேரத்தையும் உயரத்தையும் குறிப்புப் பகுதியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த பக்ஷத்தில் அதே கல்லுக்குப் போகும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஷூவை அன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் விட்டால் வீட்டில் யாரும் உங்களோடு பேசமாட்டார்கள்.